பெயரில்லாத பழைய இழைப்புளி: அடையாளம் காண்பதும் வேலைக்குக் கொண்டுவருவதும்

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் எப்போதாவது மரத்தைச் சீவிச் சமப்படுத்தும் தச்சுக்கருவியான இரும்பு இழைப்புளி ஒன்று வந்து விழும். ஏற்காட்டில் ஏதாவது ஒரு காபித் தோட்டத்துப் பங்களாவைப் பழுது பார்ப்பார்கள். கீல், தாழ்ப்பாள், உடைந்த அரம் என்று ஒரு சாக்கு நிறைய மலையிறங்கும். அதற்குள் இதுவும் கிடக்கும். மேலெல்லாம் துரு, மரத்தைச் சீவும் தகடு பாதி தேய்ந்திருக்கும், எங்கே தேடினாலும் செய்தவர் பெயர் இருக்காது. கடைக்காரர் எடை போட்டுத்தான் விலை சொல்வார். என்னிடம் தினமும் ஓடுகிற இழைப்புளிகளில் மூன்று அப்படி வந்தவைதான்.

முதன்முதலாக ஒன்றை வாங்கி வருகிறவர் அன்று ராத்திரியே உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்துவிடுவார். நானும் அப்படித்தான் செய்தேன். அந்த அவசரத்தில்தான் பாதி இழைப்புளிகள் கெட்டுப்போகின்றன. அது என்ன வகை, எந்தக் காலத்தது, இதற்கு முன் வைத்திருந்தவர் அதில் என்ன வேலை பார்த்திருக்கிறார் என்பதெல்லாம் அந்த அழுக்குக்கும் துருவுக்கும் அடியில்தான் இருக்கிறது. அதனால் முதலில் பார்ப்போம், அப்புறம் கழுவுவோம், கடைசியாக, எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவுதான் தேய்ப்போம்.

கடையில் நிற்கும்போதே

பெயரைத் தேடாதீர்கள், வாயைத் தேடுங்கள். அடிப்பாகத்தில் தகட்டின் முனை எட்டிப் பார்க்கும் பிளவைத்தான் தச்சர்கள் வாய் என்கிறார்கள். அம்மாபேட்டையில் எனக்கு இழைக்கக் கற்றுக்கொடுத்த ஆசாரி, நான் கொண்டுபோன முதல் இழைப்புளியைத் திருப்பித் திருப்பிப் பெயர் தேடுவதைப் பார்த்துவிட்டு, “பேரு இல்லாட்டி என்ன கண்ணு, வாயப் பாரு” என்றார். வார்ப்பிரும்பு விரிசல் விடுவது பெரும்பாலும் அங்கேதான். வாயின் இரண்டு ஓரங்களிலிருந்து பக்கச்சுவர் பக்கமாக ஒரு மயிரிழைக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். கீழே விழுந்த இழைப்புளியில் அது இருக்கும். வார்ப்பிரும்பைப் பற்றவைப்பது எல்லோராலும் ஆகிற வேலை இல்லை. சூட்டில் அடிப்பாகம் வளைந்துவிடும். வாயில் விரிசல் இருந்தால், உதிரிப் பாகத்துக்காக என்றால் மட்டும் வாங்குங்கள்.

கடையில் துருவுக்கு நடுவே விரிசல் கண்ணுக்குத் தெரியாது. பிடிகளைக் கழற்ற முடிந்தால் கழற்றி, உடலை மட்டும் ஒரு கயிற்றில் தொங்கவிட்டு ஸ்பானரால் லேசாகத் தட்டுங்கள். நல்ல வார்ப்பு கணீரென்று கேட்கும். விரிசல் விட்டது ‘டொக்’ என்று அடங்கிவிடும். வீட்டுக்கு வந்த பிறகு இதைவிட நம்பகமான ஒரு சோதனை உண்டு. சந்தேகப்படும் இடத்தைச் சுத்தம் செய்து மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விடுங்கள். பிறகு துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூளை மேலே பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெளியே வரும். வெள்ளைத் தூளில் ஈரக்கோடு ஒன்று மெதுவாக எழும். முதல் தடவை அந்தக் கோடு எழுவதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் அதற்கு மேல் அந்த உடலோடு மாரடிக்காமல் தப்பித்தேன்.

அடுத்தது தகடு. வாய்க்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் முனையைப் பார்க்காதீர்கள், மேல்பக்கம் இருக்கும் நீளவாட்டுத் துளையைப் பாருங்கள். தீட்டித் தீட்டித் தகடு அந்தத் துளைக்கு அருகில் வந்திருந்தால் அதற்கு ஆயுள் முடிந்தது. புதுத் தகடு வாங்கிப் போடலாம், அந்தச் செலவையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மேலோட்டமான துரு, உடைந்த பிடி, கறுத்துப்போன பித்தளை இதற்கெல்லாம் பயப்பட வேண்டியதில்லை.

எந்தக் குடும்பம்?

உடல் முழுக்க மரமா, முழுக்க இரும்பா, அல்லது மர அடியின் மேல் இரும்புச் சட்டமா என்பதுதான் முதல் கேள்வி.

மர உடலாக இருந்து தகட்டை ஓர் ஆப்பு இறுக்கிப் பிடித்தால், பெயரில்லாததில் வியப்பே இல்லை. நம் ஊர்த் தச்சர்கள் தங்கள் கைக்கு ஏற்றபடி உடலைத் தாங்களே செய்துகொண்டு, தகட்டை மட்டும் கடையில் வாங்கிப் போட்டார்கள். அதில் பெயர் எதற்கு? இங்கிலாந்திலிருந்து வந்த மர இழைப்புளி என்றால் உடல் பெரும்பாலும் பீச் மரம். வெளிர் பழுப்பில், பக்கவாட்டில் சின்னச் சின்னப் பொட்டுகளாக மினுங்கும். செய்தவர் பெயர் முன்முனையின் வெட்டுமுகத்தில்தான் குத்தப்பட்டிருக்கும். அதே இடத்தில் வைத்திருந்தவர்களின் பெயரும் இருக்கும் என்பதால் குழம்ப வேண்டாம். ஒரே பெயர் இரண்டு மூன்று இடத்தில் கோணலாகக் குத்தியிருந்தால் அது உரிமையாளர் பெயர்.

இத்தகைய பழைய தகடுகளில் ‘காஸ்ட் ஸ்டீல்’ என்று பொறித்திருப்பதைப் பார்த்து வார்ப்பிரும்பு என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அது தவறு. மூசை என்ற மண்குடுவையில் உருக்கி வார்த்த உயர்ந்த உருக்குக்கு அக்காலப் பெயர் அது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740களில் தொடங்கிவைத்த முறை. இந்த உருக்குக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. சேலத்து இரும்புக் கனிமத்தை நம்பிப் பரங்கிப்பேட்டையில் ஆலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர்தான், மூசை உருக்கில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டுக்காரர்கள் அந்த முறையால் பெரும் பலன் அடைந்தார்கள். ஹீத்துக்குக் கிடைத்தது வழக்குகள்தான். இரும்புக் கனிமம் உள்ள கஞ்சமலை தெரிகிற தூரத்தில் உட்கார்ந்து ஒரு ஷெஃபீல்டு தகட்டைத் தீட்டும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

இரும்பு உடல் என்றால் பெரும்பாலும் பெய்லி அமைப்புதான். அமெரிக்காவின் லியனார்டு பெய்லி வடிவமைத்தது. அவருடைய காப்புரிமைகளை ஸ்டான்லி நிறுவனம் 1869இல் வாங்கியது. காப்புரிமைக் காலம் முடிந்ததும் இங்கிலாந்திலும் இந்தியாவிலும் பலர் அதே வடிவத்தைச் செய்தார்கள். பெயரில்லாத இழைப்புளிகள் இவ்வளவு கிடைப்பதற்கும், பெயர் தெரியாவிட்டாலும் அவற்றைச் சரிசெய்ய முடிவதற்கும் இதுதான் காரணம். தகடு 45 பாகைச் சாய்வில் படுக்கும். அது படுக்கும் இரும்புப் படுகைக்கு ஃப்ராக் என்று பெயர், தவளை என்றே பொருள். அதன் பின்னால் ஆழத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பித்தளை நட்டும், மேலே தகட்டை இடம் வலம் அசைக்க ஒரு நெம்பும் இருக்கும்.

அளவு நாடாவை எடுத்து இரண்டே அளவு எடுங்கள்: உடலின் நீளம், தகட்டின் அகலம். ஒன்பது பத்து அங்குல நீளம், 2 அங்குலத் தகடு என்றால் ஸ்டான்லி வரிசையில் 4ஆம் எண். வழவழப்பாக முடிப்பதற்கானது. 14 அங்குலமும் 2 அங்குலமும் 5ஆம் எண், எல்லா வேலைக்கும் ஆகும். 18 அங்குலம், 2⅜ அங்குலம் என்றால் 6. 22 அங்குலம், அதே அகலத் தகடு என்றால் 7. 24 அங்குலம், 2⅝ அங்குலம் என்றால் 8. கடைசி இரண்டும் பலகை ஓரங்களை நேராக்கி ஒட்டுவதற்கு. புதிதாகத் தொடங்குகிறவருக்கு 4 அல்லது 5 போதும். நீளமானது மலிவாகக் கிடைத்ததே என்று முதலில் அதை எடுத்தால் அதன் அடியைச் சமப்படுத்துவதிலேயே மனம் விட்டுப்போகும்.

பிரிக்கும்போது கிடைக்கும் தடயங்கள்

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இறுகிய திருகுகளுக்கு இரவே எண்ணெய் விட்டு வையுங்கள். திருப்புளி திருகின் வெட்டில் முழு அகலத்துக்கும் உட்கார வேண்டும். ஒல்லியான திருப்புளியால் வெட்டைச் சிதைத்துவிட்டால் பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டிவரும். பித்தளை நட்டு பெரும்பாலானவற்றில் இடது மரை. வழக்கமான பக்கம் திருப்பி, வரவில்லையே என்று குறடு போட்டு முறுக்கி மரையை அழித்துவிடாதீர்கள்.

இப்போது தேடலாம். தகட்டின் மேல்முனையில், அதை மேலிருந்து இறுக்கிப் பிடிக்கும் அழுத்துமூடிக்கு அடியில் மறைந்திருக்கும் இடத்தில் முத்திரை இருக்கலாம். ஆனால் தகடு மாறியிருக்கவும் வாய்ப்பு அதிகம். அதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். உடலோடு சேர்த்து வார்த்த எழுத்துதான் பொய் சொல்லாது. முன்பிடிக்குப் பின்னால், பின்பிடிக்கு முன்னால், ஃப்ராக்கைக் கழற்றினால் அதன் அடியில், அழுத்துமூடியின் உள்பக்கத்தில் எல்லாம் பழைய பல்துலக்கியால் தேய்த்துப் பாருங்கள். எண்ணுக்கு முன் பூஜ்யம் போட்டு 04, 05 என்றிருந்தால் ரெக்கார்டு நிறுவனம் அல்லது அதைப் பின்பற்றியவர்கள். ரெக்கார்டு ஷெஃபீல்டில் 1931 முதல் இழைப்புளி செய்தது. வண்ணமும் துப்புத் தரும். பழைய ஸ்டான்லி கறுப்பு, ரெக்கார்டு நீலம். வெளியே தெரிவது யாரோ பின்னால் அடித்த பெயின்டாக இருக்கலாம். ஃப்ராக்குக்கு அடியில் ஒளிந்திருப்பதுதான் அசல்.

அழுத்துமூடியில் திருகு நுழையும் துளையைப் பாருங்கள். சாவித்துளை மாதிரி நேராக இருந்தால் பழைய பாணி. சிறுநீரக வடிவில் வளைந்திருந்தால் ஸ்டான்லி 1930களில் கொண்டுவந்து மற்றவர்களும் எடுத்துக்கொண்ட பாணி. திருகுகளின் மரையும் பேசும். பழைய ஸ்டான்லி உடலில் M5 (5 மி.மீ.) திருகு தொளதொளக்கும், M6 (6 மி.மீ.) நுழையவே நுழையாது. அதன் மரை அங்குலக் கணக்கு. மெட்ரிக் திருகு பிசகாமல் பொருந்தினால் பிற்காலத் தயாரிப்பு என்று கொள்ளலாம்.

பெயர் கடைசிவரை தெரியாமலேயே போகலாம், பரவாயில்லை. ஃப்ராக்கும் உடலும் ஒட்டும் முகங்களைப் பாருங்கள். அங்கே இயந்திரத்தில் சீவிய தட்டையான பரப்பு அகலமாக இருந்தால் கவனமாகச் செய்த கருவி. வார்த்தபடியே கரடுமுரடாக, பெயின்டோடு இருந்தால் அவசரத்தில் செய்தது. இழைப்புளியின் தரத்துக்கு எந்த முத்திரையையும்விட இது நல்ல சாட்சி.

துரு

முதலில் மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுங்கள். லேசான துருவுக்கு நைலான் நாரும் தையல் மெஷின் எண்ணெயும் போதும். பழைய பெயின்ட் உரிகிறது என்றால் உலர்ந்தபடி தேய்க்காதீர்கள், அதில் ஈயம் இருக்கலாம். ஈரமாக வைத்துத் தேயுங்கள்.

கனத்த துருவுக்கு எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்). ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம். இரும்புப் பாகங்களை மட்டும் முழுக்க மூழ்கவையுங்கள். பித்தளையும் மரமும் அதில் வேண்டாம். பாதி மூழ்கிப் பாதி வெளியே நின்றால் நீர்க்கோட்டில் இரும்பை அரித்துவிடும். மணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, துடைத்து, வெயிலிலோ ஹேர் டிரையரிலோ சூடுவரக் காயவைத்து உடனே எண்ணெய் தடவுங்கள். அஞ்சு நிமிஷம் தாமதித்தால் மஞ்சள் துரு மறுபடி படரும். பித்தளை நட்டுக்கு நம் வீட்டுப் புளியே போதும்.

மின்சாரம் வைத்துத் துரு எடுக்கும் முறையும் உண்டு: சலவைச் சோடாக் கரைசல், பேட்டரி சார்ஜர், எதிர்முனையில் இழைப்புளி, நேர்முனையில் ஒரு துண்டு முறுக்குக் கம்பி. சேலத்தில் எவர்சில்வர் துண்டு எங்கேயும் கிடைக்கிறதே என்று கம்பிக்குப் பதில் அதைப் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள குரோமியம் கரைந்து நச்சாகும். ஹைட்ரஜன் வாயுவும் வரும் என்பதால் மொட்டைமாடியில் வைத்துச் செய்யுங்கள். ஒரே ஒரு இழைப்புளிக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை என்பது என் கருத்து.

அடியைச் சமப்படுத்துதல்

கிரானைட் கடையில் சமையல் மேடைக்கு வெட்டிய மிச்சத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டீல் ஸ்கேலை அதன் மேல் குறுக்கும் நெடுக்கும் நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரியாததாகப் பார்த்து எடுங்கள். 80ஆம் எண் உப்புத்தாளை அதில் ஒட்டுங்கள். இழைப்புளியைத் திரும்பப் பூட்டி, தகட்டை உள்ளே இழுத்து, அழுத்துமூடியை வேலைக்கு இறுக்குவது போலவே இறுக்குங்கள். இறுக்கத்தில் உடல் சற்று வளையும். அந்த வளைவோடு சமமாக இருப்பதுதான் நமக்கு வேண்டும்.

அடியில் மார்க்கரால் குறுக்குக் கோடுகள் போட்டுப் பத்துத் தடவை தேயுங்கள். கோடு எங்கே அழிகிறதோ அது மேடு. முன்முனை, வாய்க்குச் சற்று முன், பின்முனை ஆகிய மூன்று இடங்களிலும் கோடு அழிந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். நடுவில் கறை மிச்சமிருக்கும், இருக்கட்டும். அதையும் போக்கிக் கண்ணாடி மாதிரி ஆக்க வேண்டும் என்று உட்கார்ந்தால் பக்கச்சுவரும் வாயும் மெலிந்துவிடும். 80க்குப் பிறகு 120, 220. அதற்கு மேல் வேண்டாம்.

தகடு

முழுக் கவனமும் இங்கேதான் போக வேண்டும். அடி சற்றுக் கோணலாக இருந்தாலும் கூர்மையான தகடு இழைக்கும். மொக்கைத் தகட்டை எந்த உடலும் காப்பாற்றாது.

முதலில் உருக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பழைய தகடுகளில் மெல்லிய உருக்கை இரும்பின் மேல் பற்றவைத்து அடித்திருப்பார்கள். சாய்வான முகத்தைத் தீட்டினால் ஒரு கோடு தெரியும். கோட்டுக்கு ஒருபக்கம் மங்கல், ஒருபக்கம் பளபளப்பு. பளபளப்பதுதான் வெட்டும் உருக்கு. முனைக்கு அருகில் சின்ன அரத்தை வைத்துத் தள்ளிப் பாருங்கள். வழுக்கினால் கடினம் இருக்கிறது. கடித்தால் உருக்கு சூட்டில் இளகிவிட்டது.

என் முதல் தகடு அப்படித்தான் போனது. சாணை பிடிக்கக் கொடுத்தேன். வேகமான சாணைச் சக்கரத்தில் தண்ணீர் காட்டாமல் அழுத்திப் பிடித்தார்கள். திரும்பி வந்தபோது முனையில் மயில்கழுத்து நீலம் படர்ந்திருந்தது. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். நீலம் பாரித்தால் 300 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறிக் கடினம் போய்விட்டது என்று பொருள். இரண்டு அடி தேக்கை இழைப்பதற்குள் மொக்கையானது. சாணை பிடித்தே ஆக வேண்டுமானால் பக்கத்திலேயே நின்று, கையால் தொட முடிகிற சூட்டைத் தாண்டாமல் நொடிக்கொரு முறை தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள்.

தகட்டின் பின்பக்கத்தை முனையிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் தட்டையாக்குங்கள். கண்ணாடித் துண்டின் மேல் வாட்டர் பேப்பர் ஒட்டி 400, 800, 1500 என்று போகலாம். குழல்விளக்கின் பிம்பம் அதில் வளையாமல் தெரிய வேண்டும். பின்பக்கத்தில் துருக்குழி முனைவரை வந்திருந்தால் அந்த இடத்தில் கூர் நிற்காது. குழி தாண்டும்வரை முனையைக் குறைக்கத்தான் வேண்டும்.

சாய்வு முகம் 25 பாகை, கூர்முனையை 30 பாகையில் தீட்டுங்கள். கை பழகும்வரை தீட்டுவதற்கான சின்ன உருளைப்பிடி ஒன்று வாங்கிக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. பின்பக்கத்தில் விரலை முனையை நோக்கித் தடவினால் பிசிறு தட்டுப்படும். முழு அகலத்துக்கும் பிசிறு எழுந்தால்தான் கூர் முழுமையாக வந்திருக்கிறது. அதை மிக நுண்ணிய தாளிலும் அப்புறம் ஒரு தோல் துண்டிலும் மாறிமாறி இழுத்து எடுத்துவிடுங்கள்.

மேல்தகட்டைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சீவலை உடைத்துச் சுருட்டுவது அதுதான். அதன் முன்விளிம்பு தகட்டின் மேல் வெளிச்சம் புகாமல் படிய வேண்டும். இரண்டையும் திருகி, சன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். இடுக்கில் ஒளி தெரிந்தால் அங்கே சீவல் புகுந்து அடைத்துக்கொள்ளும். விளிம்பைத் தட்டையான கல்லில் லேசாகத் தேய்த்துச் சரிசெய்யுங்கள். தகட்டின் கூருக்கு ஒரு மில்லிமீட்டர் பின்னால் அதை நிறுத்துங்கள். முரட்டு ரேகை உள்ள மரத்துக்கு இன்னும் நெருக்கமாக.

பிடி

உடைந்த பின்பிடியின் இரண்டு துண்டும் கையில் இருந்தால் அதிர்ஷ்டம். முறிந்த முகத்தைத் தேய்க்காமல் அழுக்கை மட்டும் எடுத்து, இரண்டு பசை கலக்கும் எபாக்சியால் ஒட்டுங்கள். ரப்பர் டியூப் துண்டால் சுற்றிக் கட்டி ஒருநாள் விடுங்கள். பழையவற்றில் பிடி பெரும்பாலும் ஈட்டி வகை மரமாக இருக்கும். அதன் தூள் சிலருக்குத் தோலிலும் மூக்கிலும் ஒத்துக்கொள்ளாது, முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய் நன்றாக இருக்கும். தடவிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயப்போடுங்கள். யாரோ பிடியில் கீறிவைத்த எழுத்தோ, அவர் கட்டைவிரல் பட்டுத் தேய்ந்த பள்ளமோ இருந்தால் அதை விட்டுவையுங்கள். எத்தனையோ வருஷம் ஒருவர் உழைத்ததற்கு அது ஒன்றுதான் சாட்சி.

ஓட்டிப் பார்ப்பது

ஃப்ராக்கை வாயின் பின்விளிம்போடு சமமாக வைத்து இறுக்குங்கள். தகட்டின் சாய்வு முகம் கீழே பார்க்க வேண்டும். அழுத்துமூடியைக் கையால் பூட்டித் திறக்க முடிகிற அளவு இறுக்கம் போதும். இழைப்புளியைத் தலைகீழாகப் பிடித்து முன்முனையிலிருந்து அடியை நோக்கிப் பாருங்கள். தகடு கறுப்புக் கோடாகத் தெரியும். நெம்பை அசைத்து இரண்டு ஓரமும் ஒரே அளவு ஆக்கி, கோடு மறையும்வரை உள்ளே இழுங்கள்.

முதல் மரமாக ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் துண்டு கிடைத்தால் நல்லது. மென்மையானது, மலிவானது. ரேகை ஏறும் திசையில் வைத்து, தள்ளிக்கொண்டே தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். முதலில் தூள் வரும், அப்புறம் துணுக்கு, அப்புறம் முழு நீளச் சீவல். அதிர்ந்து வரிவரியாகத் தடம் விழுந்தால் தகடு ஃப்ராக்கில் முழுதாகப் படியவில்லை, இடையில் துருவோ பெயின்ட் கட்டியோ இருக்கும். வாய் அடைத்தால் மேல்தகட்டைப் பாருங்கள். மரம் பிய்ந்தால் திருப்பி எதிர்த்திசையில் தள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் இழைப்புளியை மரத்தின் மேல் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். மழைக்காலத்தில், முக்கியமாக மலைமேல் இருப்பவர்கள், எண்ணெய் நனைத்த துணியால் ஒரு துடைப்புத் துடைத்து மரப்பெட்டியில் மூடிவையுங்கள். ஏற்காட்டுப் பனிமூட்டம் சன்னல் வழியாக உள்ளே வந்தால் மறுநாள் காலையிலேயே விரல்ரேகை பட்ட இடமெல்லாம் துருவாகத் தெரியும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாகப் பிசுபிசுத்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு போதும்.